இழைப்புளியில் உங்கள் பெயரை வெட்டுங்கள்

தங்கள் இழைப்புளியைத் தாங்களே செய்துகொள்ளும் தச்சர்களுக்கும், அந்த வேலையை இப்போது பழகிவரும் தம்பி தங்கைகளுக்கும்,



ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். அடுத்து நீங்கள் செய்யப்போகும் இழைப்புளியில் உங்கள் பெயரையும் ஆண்டையும் வெட்டுங்கள். இடம் இருந்தால் ஒரு கொடியோ பூவோ சேர்த்துச் செதுக்குங்கள். மரக்கட்டையில் செய்தாலும் சரி, பித்தளையும் எஃகும் சேர்த்துச் செய்தாலும் சரி. எந்த இடத்தில் செதுக்கலாம், எந்த இடத்தில் உளி படவே கூடாது என்பதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால்தான் மடல் நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்த் தச்சரின் கைத்திறனைப் பார்க்கத் தேடி அலைய வேண்டியதில்லை. தேரின் அடுக்குகளில் இருக்கிறது, செட்டிநாட்டு வீடுகளின் நிலையிலும் கதவிலும் இருக்கிறது. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. இவ்வளவையும் செய்யும் பட்டறையில் கிடக்கும் இழைப்புளியை எடுத்துப் பாருங்கள். வேங்கையிலோ கருவேலத்திலோ ஒரு நீளக் கட்டை, நடுவில் ஒரு வாய், ஒரு தகடு, ஓர் ஆப்பு. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு கோடுகூட இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அடுத்த வேலை நாளிலேயே கை பட்டு அவை போய்விடுகின்றன. அந்த இழைப்புளியைச் செய்தவர் காலமான பிறகு தகட்டை யாராவது கழற்றிக்கொள்கிறார்கள், கட்டை விறகோடு போகிறது. முப்பது நாற்பது ஆண்டு ஒருவர் கையோடு இருந்த பொருள், அவர் பெயர்கூட இல்லாமல் அடுப்புக்குள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கருவிக்கு எதற்கு அலங்காரம், செய்த வேலை பேசினால் போதாதா என்று மூத்த ஆசாரிகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை மதிக்கிறேன். அதன் பின்னால் பட்டறிவு இருக்கிறது. பூவேலை செய்கிறேன் என்று பிடிக்கும் இடத்தில் மேடு வைத்தால் அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளிக்கும். பக்கவாட்டில் ஆழமாகக் குடைந்தால் கட்டை பலம் இழக்கும். இப்படி வேலையைக் கெடுக்கும் அலங்காரத்தைப் பார்த்துத்தான் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் உலகத்தின் மிக நல்ல பழைய இழைப்புளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. அலங்காரம் எங்கே நின்றிருக்கிறது என்பதிலேயே செய்தவரின் தொழிலறிவு தெரிகிறது. கை படாத, சுத்தி படாத, இழைக்கும் மரம் படாத இடம் எது என்று தெரிந்தவரால்தான் அந்த மூன்றுக்கும் இடையே பூ வைக்க முடியும்.

பெயர் வெட்டுவது நமக்கு அந்நியமான பழக்கமும் இல்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ஆன இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் கல்லில் இருக்கிறது. அரசன் தன் பட்டப்பெயரையே அந்தத் தச்சனுக்குக் கொடுத்து, அதைக் கோயிலில் எழுதவும் செய்திருக்கிறான். ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பெயரை நாம் சொல்கிறோம். ஆனால் அதே தொழிலின் கருவிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

பெயர் என்ன செய்யும் என்பதற்கு என் மனதுக்கு மிக நெருக்கமான சான்று அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ரென்தாம் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே ஃபிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளி செய்பவர் இருந்தார். பிறப்பு 1683, இறப்பு 1753. அமெரிக்க மண்ணில் பெயர் தெரிந்த இழைப்புளித் தொழிலாளர்களில் அவரையே முதலாமவராகச் சொல்கிறார்கள். தன் இழைப்புளிகளின் முன்முனையில் பெயரை முத்திரையாக அடித்தார். பெயருக்குக் கீழே ‘ரென்தாமில் வாழ்பவர்’ என்று ஊரையும் சேர்த்தார்.

அவர் பட்டறையில் சீசர் செலர் என்ற கறுப்பினத்தவர் வேலை செய்தார். கூலிக்கு அல்ல, அடிமையாக. 1753இல் நிக்கல்சன் இறந்தபோது அவருடைய உயிலின்படி செலருக்கு விடுதலை கிடைத்தது. அதோடு படுக்கை, உடைகள், ஒரு பெட்டி, பட்டறை மேசை, கைக்கருவிகள், ஓர் உளித் தொகுதி, 10 ஏக்கர் நிலம், இருப்பிலிருந்த மரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மாசச்சூசெட்ஸ் நீதிமன்றங்கள் அடிமை முறைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதே 1780களில்தான். அதற்கு முப்பது ஆண்டு முன்பே, தன் மேசை, தன் மரம், தன் கருவி என்று செலர் தொழிலைத் தொடங்கிவிட்டார். 1784இல் இறக்கும் வரை இழைப்புளி செய்தார்.

அவர் செய்த இழைப்புளிகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. முன்முனையில் மூன்று வரி. முதல் வரியில் அவர் பெயர். கீழே இரண்டு வரிகளில், முன்பு எஜமானர் அடித்த அதே வாசகம், ரென்தாமில் வாழ்பவர் என்று. விலைக்கு வாங்கப்படும் பொருளாக வைக்கப்பட்டிருந்த ஒருவர், தான் விற்கும் பொருளில் தன் பெயரையும் ஊரையும் அடித்தார். ஒரு சாண் சொச்சம் நீளக் கட்டையின் முனையில் அந்த மூன்று வரி இல்லையென்றால் அவரைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்? பழைய உயில் ஒன்றில் வந்த ஒரு பெயர், அவ்வளவுதான். அவர் எவ்வளவு நேர்த்தியாக வாய் வெட்டினார், விளிம்பை எவ்வளவு கூர்மையாகச் சீவினார், ஆப்பை எப்படி வளைத்தார் என்று இன்றைக்கு நாம் கையில் வைத்துப் பார்க்க முடிவதற்கு அந்த முத்திரைதான் காரணம்.

அந்த முத்திரை இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். விளிம்புக்கு வடிவம் கொடுக்கும் ஒல்லியான இழைப்புளியில் ஆப்பைத் தளர்த்தப் பின்முனையில் தட்டுவார்கள். முன்முனையில் சுத்தி படாது. அதனால்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த வகையைச் செய்தவர்கள் முன்முனையைப் பெயருக்கு ஒதுக்கினார்கள். வாங்கியவர்களும் தங்கள் பெயரை அங்கேயே அடித்தார்கள். செய்தவர் பெயர் மேலே இருக்கும். அதன் கீழே முதல் உரிமையாளர், அவருக்கும் கீழே அதை வாங்கிய அடுத்தவர். நான்கைந்து பெயர் உள்ள கட்டைகளும் உண்டு. ஒரு கருவி எத்தனை கை மாறியது என்று அந்த முனையே சொல்லிவிடும்.

அந்தக் காலத்து ஒல்லி இழைப்புளிகளில் இன்னொரு அலங்காரமும் உண்டு. மேல் விளிம்புகளைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சரிவு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். முடியும் இடத்தில் குழி உளியால் ஒன்றிரண்டு கீற்று வைத்திருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகியபோது அது குறுகி, வெறும் உருண்டை விளிம்பாகிவிட்டது. பெயர் இல்லாத கட்டைகளின் வயதைக்கூட இந்தச் சரிவை வைத்துக் கணிக்கிறார்கள். உள்ளங்கைக்கு இதமாக இருக்கட்டும் என்று சீவியதுதான், அழகாகவும் அமைந்துவிட்டது. கருவியில் பூவேலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. பெயர் வெட்டவே தயங்குகிறவர்கள் முதலில் இந்தக் கீற்றை வைத்துப் பாருங்கள்.

டச்சுக்காரர்கள் இன்னும் தாராளமாகச் செய்தார்கள். பழவேற்காட்டில் 1613இல் அவர்கள் கோட்டை கட்டினார்கள், 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அந்தக் காலத்திலும் அதை அடுத்த நூற்றாண்டிலும் அவர்கள் தாய்நாட்டில் கப்பல் கட்டும் தொழிலும் வீட்டுச் சாமான் செய்யும் தொழிலும் கொடிகட்டிப் பறந்தன. அந்தக் காலத்து டச்சு இழைப்புளிகளில் முன்பக்கம் சுருளாக உருண்டு நிற்கும். சீவல் வெளியேறும் பள்ளத்தின் மேல் ஓரங்களில் வளைகோடும் இலையும் இருக்கும். முன்பக்கத்து மேல்பரப்பில் ஆண்டு செதுக்கியவை பல கிடைத்திருக்கின்றன. தெற்கு ஜெர்மனியிலும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலும் இதே பழக்கம். அங்கே ஆண்டோடு பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்தார்கள்.

இந்தச் செதுக்கு வேலையெல்லாம் கட்டையின் மேல் பாதியில் இருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். மர இழைப்புளியின் அடி தேயும். தேயத் தேய அதை மறுபடி சீவி மட்டப்படுத்துவோம். கட்டை உயரம் குறையும், வாய் அகலும், ஒரு துண்டு வைத்து வாயைக் குறுக்குவோம். பத்திருபது ஆண்டில் கீழே ஒரு விரல் அளவு போய்விடலாம். அடியை ஒட்டிக் கொடி ஓடவிட்டிருந்தால் அது பாதியில் அறுந்து நிற்கும். மேலே வைத்த சுருளோ கட்டை தேய்ந்து முடியும் வரை முழுதாக இருக்கும்.

தன் கருவியில் தானே பூ வைத்த தச்சருக்கு நேர் எதிர்க் கோடியில் ஓர் அரசர் இருந்தார். ஜெர்மனியின் சாக்சனியை 1553 முதல் 1586 வரை ஆண்ட அகஸ்ட். டிரெஸ்டன் அரண்மனையில் 1560இல் அவர் தொடங்கிய கலைக்கூடத்தில் நகையும் ஓவியமும் குவிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவர் இறந்த மறு ஆண்டு, 1587இல் எடுத்த கணக்கில் பத்தாயிரத்தை நெருங்கும் பொருட்களில் முக்கால் பங்கு கருவிகள். தச்சுக் கருவி, கொல்லுக் கருவி, தோட்டக் கருவி, அளவுகோல். அவரே கடைசல் இயந்திரத்தில் உட்கார்ந்து தந்தம் கடைந்தவர். அவருக்காக நூரம்பெர்க்கின் லியோன்ஹார்ட் டானர் 1565இல் செய்த கம்பி இழுக்கும் மேசை ஒன்று பாரிஸுக்கு வடக்கே எக்குவான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத்தில் மரம் பதித்த சித்திரங்கள் அதன் உடல் முழுக்க ஓடுகின்றன. கம்பியைப் பிடித்து இழுக்கும் ஒரு மேசைக்கு அவ்வளவு வேலைப்பாடு.

அந்தக் காலத்து ஜெர்மானியக் கைவினைஞர்கள் சிறிய இரும்பு இழைப்புளிகளின் உடலில் அமிலத்தால் சித்திரம் எழுதினார்கள். கவசம் செய்பவர்களிடமிருந்து வந்த முறை அது. இரும்பின் மேல் மெழுகோ வார்னிஷோ பூசி, ஊசியால் கீறிப் படம் வரைந்து, அமிலத்தை ஊற்றினால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். உளியோ சுத்தியோ படாததால் உடல் கோணாது, அடி மட்டம் கெடாது. அலங்காரத்துக்காக அடியைக் கெடுக்கக் கூடாது என்ற அக்கறை அரசனுக்குச் செய்தவர்களிடமும் இருந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தொழிற்சாலைக் காலத்தைப் பற்றி இரண்டு சொல் போதும். 1870இல் சார்லஸ் மில்லர் காப்புரிமை பெற்ற காடி இழைப்புளியை அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் வார்த்து விற்றது. அதன் உடலில் கொடியும் இலையும் வார்ப்பிலேயே வந்தன. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் ஒன்றுபோலவே ஆயிரம் வந்தன. இந்த மடலின் கவலை அதுவல்ல. பிரிட்டனில் ஆயர் ஊரின் ஸ்டூவர்ட் ஸ்பியர்ஸும் லண்டனின் தாமஸ் நாரிஸும் வேறு வழியில் போனார்கள். எஃகுத் தகடுகளைப் புறாவால் மூட்டில் பூட்டி, உள்ளே ஈட்டி மரம் நிரப்பி, மேலே பித்தளை அல்லது வெண்கலப் பூட்டு வைத்தார்கள். கோடு, பூ எதுவும் இல்லை. பக்கத் தகட்டின் வளைவும் மரம் ஏறி இறங்கும் விதமுமே அங்கே அலங்காரம். இன்று உலகத்தில் தனியாளாக இழைப்புளி செய்கிறவர்களில் பலர் இந்த வகையைத்தான் செய்கிறார்கள். அந்தப் பித்தளைப் பூட்டிலும் பக்கத் தகட்டிலும்தான் இப்போது நகாசு வேலை ஏறுகிறது. உங்களில் சிலரும் இதே வகையை முயல்கிறீர்கள். அதனால் இனி கொஞ்சம் தொழில் பேசுவோம்.

முதலில் மரம். கட்டையின் மேல்பரப்பில் முன்முனைக்கு அருகே நீண்ட இழைப்புளிகளில் சுத்தியால் தட்டித் தகட்டைத் தளர்த்துகிறோம். குட்டை இழைப்புளிகளில் பின்முனையில் தட்டுகிறோம். உங்கள் பழைய கட்டையை எடுத்து எங்கே குழி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே எதுவும் செதுக்காதீர்கள். வலது உள்ளங்கை அழுந்தும் இடம் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும், இடது கை விரல்கள் சுற்றும் இடமும் அப்படியே. அங்கேயும் வேண்டாம். ஆப்பு உட்காரும் இரு பக்கச் சுவர்களைத் தொடவே கூடாது, அங்கே ஒரு மயிரிழை குறைந்தாலும் தகடு அதிரும். மிஞ்சுவது எது? தட்டும் இடம் போக முன்முனையின் நெற்றி, சீவல் பள்ளத்தின் மேல் ஓரங்கள், பக்கங்களின் மேல் பாதி, ஆப்பின் தலைக்குக் கீழே உள்ள முகம். ஒரு பெயருக்கும் ஆண்டுக்கும் ஒரு கொடிக்கும் இது தாராளம். பக்கங்களில் செதுக்கினால் வரி ஆழம் அரை மில்லிமீட்டர் போதும்.

முனையில் எழுத்து வெட்டுவதாக இருந்தால் அது மரத்தின் குறுக்கு வெட்டு முகம் என்பதை மறக்காதீர்கள். நார் பிய்ந்து வரும், உளி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். நம் எழுத்துகளில் ட, ப போன்றவை நேர்க்கோட்டு உளிக்கு எளிதில் வரும். ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிக்கு வளைவு பொருந்தும் குழி உளியைத் தேர்ந்து, செங்குத்தாக ஒரு தட்டு தட்டி, பிறகு உட்பக்கமிருந்து சரித்து எடுங்கள். முழுப் பெயருக்கு இடமில்லையென்றால் முதலெழுத்தும் ஊரும் போதும். ஆண்டு மட்டும் அவசியம். அதை விட்டுவிடாதீர்கள்.

இனி உலோகம். வார்ப்பிரும்பு உடலில் கையால் நகாசு வெட்டுவது வீண் முயற்சி. அதன் உள்ளே கரித்துகள்கள் செதில் செதிலாகக் கலந்திருப்பதால் கோடு உதிர்ந்து வரும், பளபளப்பான வெட்டு கிடைக்காது. மெல்லிய எஃகு நன்றாக வெட்டும். பித்தளையும் வெண்கலமும் இன்னும் நன்றாக வெட்டும். துருப்பிடிக்காத எஃகு உளியை மழுக்கும், வெட்ட வெட்ட இறுகும். இழைப்புளித் தகட்டில் பெயர் வெட்ட விரும்பினால் தகட்டைப் பதப்படுத்துவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள், பதம் ஏறிய பின் கை உளி இறங்காது. அதையும் மேல் பாதியில் மட்டும் செய்யுங்கள். கூர்முனைக்கு அருகே ஆழமான கோடு இருந்தால் சூட்டோடு எண்ணெயில் முக்கும்போது விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

வெட்டுவதும் தட்டுவதும் வேறு வேறு. நகாசு உளியை உள்ளங்கையால் தள்ளி வெட்டினால் உலோகம் சுருளாக வெளியேறும், உடல் அதிகம் அசையாது. தட்டு வேலையில் உலோகம் வெளியேறாது, பக்கத்துக்குத் தள்ளப்படும். ஒரு பக்கத்தில் மட்டும் தட்டினால் தகடு அந்தப் பக்கம் நீண்டு வளையும். அதனால் அலங்காரம் எதுவானாலும் அதை முதலில் முடியுங்கள், அடியை மட்டம் தேய்ப்பதைக் கடைசி வேலையாக வையுங்கள். பக்கத்தைக் கிடத்தி முனை சீவும் வகை இழைப்புளியானால் இன்னொரு எச்சரிக்கை. அதன் பக்கமே இன்னோர் அடி. மேடான வேலை அங்கே ஆகவே ஆகாது. உள்வெட்டு மட்டும் செய்து, ஓரத்தில் எழும் பிசிறை எண்ணெய்க் கல்லில் தேய்த்து நீக்குங்கள். பிசிறு மிச்சமிருந்தால் பலகையில் கீறல் விழும்.

இதைக் கற்க வெகுதூரம் போக வேண்டாம். ஐந்தொழிலில் தச்சருக்குப் பக்கத்திலேயே தட்டாரும் கன்னாரும் இருக்கிறார்கள். அரக்கில் தகட்டைப் பதித்து அசையாமல் பிடிப்பது, வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் வேலையைத் திருப்புவது, உளி முகத்தை எந்தச் சாய்வில் தீட்டுவது என்று உங்கள் தெரு முனையில் உள்ள நகைப் பட்டறையில் கேட்டால் ஒரு மாலையில் காட்டிவிடுவார்கள். கை பழக நாளாகும், உண்மைதான். மீந்த பித்தளைத் துண்டுகளில் நேர்க்கோடு, பிறகு வளைவு, பிறகு இலை என்று போங்கள். இழைப்புளியைக் கடைசியாகத் தொடுங்கள்.

லேசர் இயந்திரத்தில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். முடியும், தெளிவாகவும் வரும். பெயரே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் லேசர் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம், ஒரே ஆழம், மங்கலான பள்ளம். கை உளியின் கோடு மெலிதாகத் தொடங்கி, வளைவில் தடித்து, மறுபடி மெலியும். உள்சுவர் கண்ணாடியாக இருப்பதால் இழைப்புளி அசையும்போதெல்லாம் வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டும். நீங்கள் தகட்டையும் கட்டையையும் கையால் செய்கிறீர்கள். பெயரையும் கையாலேயே எழுதுங்கள் என்பது என் ஆசை. எழுத்து கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, அது உங்கள் கையெழுத்து.

ஜப்பானியர்களிடமும் ஒன்று கற்கலாம். அவர்களுடைய இழைப்புளியின் கட்டை ஓக் மரம், துளி அலங்காரம் கிடையாது. கௌரவம் முழுக்கத் தகட்டுக்குத்தான். கொல்லர் தன் பெயரைத் தகட்டின் முகத்தில் சிற்றுளியால் வெட்டுவார். 1874இல் பிறந்து 1957இல் மறைந்த சியோசுரு கொரேஹிதே வாள் செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர். 1876இல் வாள் அணியத் தடை வந்தது. வாளில் கையொப்பம் வெட்டும் மரபில் வந்த அந்தக் கை தச்சர்களுக்கான தகட்டுக்கு வந்தது. அவர் தகடுகளைக் கலைப்பொருளாகவே போற்றுகிறார்கள். கோபேயில் 1984இல் தொடங்கிய தாக்கெனாக்கா தச்சுக் கருவி அருங்காட்சியகம் இந்தக் கொல்லர்களின் வேலையைப் பேணிவருகிறது. அவர்கள் தகட்டில் பெயர் இருக்கும் இடமும் கணக்குப் பார்த்து வைத்ததே. தலையில் சுத்தி படும், அதனால் தலைக்குச் சற்றுக் கீழே. கூர்முனை தீட்டத் தீட்டக் குறைந்து மேலே வரும், அதனால் முடிந்தவரை மேலே. தகடு தேய்ந்து பயனற்றுப் போகும் நாள் வரை பெயர் அழியாது.

செதுக்கி முடித்ததைப் பேணுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பித்தளையிலும் எஃகிலும் வெட்டிய கோடுகளில் வியர்வை தங்கும், எஃகில் அங்கேதான் துரு முதலில் பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து மெல்லியதாக மெழுகு பூசுங்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது, அது உள்ளே காய்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் காயாது, கோட்டில் தூசியைச் சேர்த்துப் பிசினாக்கும்.

இன்னொரு வேண்டுகோள், இது பழைய இழைப்புளிகளைப் பற்றியது. தாத்தாவுடையதோ, பழைய சாமான் கடையில் வாங்கியதோ, கையில் வந்தவுடன் மணல்தாள் போட்டு வெளுப்பாக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். முனையில் அடித்த பெயரும் மெல்லிய கீற்றும் அரை மில்லிமீட்டர்கூட ஆழம் இருக்காது, இரண்டு தேய்ப்பில் போய்விடும். முதலில் ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம் அடித்து எல்லா முகத்தையும் பாருங்கள். எழுத்து தெரிந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். பெயர் எதுவும் இல்லை, ஆனால் அது யாருடையது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரியும் என்றால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அப்பாவின் இழைப்புளியில் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்றால் முன்முனையில் முதலில் அவர் பெயரை வெட்டுங்கள். அவர் அதைச் செய்த ஆண்டு தெரிந்தால் அதையும் போடுங்கள். அதன் கீழே உங்கள் பெயர். அதற்கும் கீழே இன்னும் இரண்டு பெயருக்கு இடம் விட்டு, வரிகளைச் சற்று மேலேயே தொடங்குங்கள். வெட்டி முடித்ததும் எனக்கு ஒரு படி எடுத்து அனுப்புங்கள். எந்த ஊர், என்ன மரம், எந்த வேலைக்கான இழைப்புளி என்று பின்பக்கம் எழுதுங்கள். வரும் படிகளை ஊர்வாரியாக அடுக்கிவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களைப் போல் மரத்தோடு பிழைப்பவன்